சிரிக்காமல் சொல்லும் கலை

வேளாங்கண்ணியிலிருந்து வடக்கே பஸ் ஏறினால் கொஞ்ச நேரத்தில் நாகப்பட்டினம். 15ஆம் நூற்றாண்டில் அங்கே காத்தான் என்பவர் நடத்திய சத்திரத்துக்குக் காளமேகப் புலவர் பசியோடு வந்தாராம். சோறு வரத் தாமதம். அந்தக் கோபத்தில் அவர் பாடியதாகச் சொல்லப்படும் நாலு வரி வெண்பாவைப் பிரித்துப் பார்த்தால் அங்கதத்தின் தொழில்நுட்பம் தெரியும்.

பொழுது சாயும்போதுதான் சத்திரத்துக்கு அரிசி வருகிறது. அதையும் இனிமேல்தான் குத்த வேண்டும். உலையில் போடும்போது ஊர் அடங்கிவிடுகிறது. இலையில் ஓர் அகப்பைச் சோறு விழும்போது விடிவெள்ளி முளைக்கிறது. அவ்வளவுதான் விஷயம். பசி என்ற சொல்லே பாட்டில் இல்லை. காத்தானைத் திட்டவும் இல்லை. வேலைக்கு நேராகப் பொழுதை எழுதிக்கொண்டே போகிறார், கணக்குப்பிள்ளை மாதிரி. மிகைதான், ஆனால் படிப்படியாக ஏறும் மிகை. முதல் படியை நம்பிவிடுகிறோம், மூன்றாவதில் மாட்டிக்கொள்கிறோம். எனக்குப் பிடித்தது அந்த ஓர் அகப்பை. விடிய விடியக் காத்திருந்ததற்குக் கிடைத்தது அவ்வளவுதான். அண்டா நிறையச் சோறு வந்திருந்தால் பாட்டு படுத்திருக்கும்.

காத்தான் மனம் நொந்தாராம். உடனே காளமேகம் அதே வரிகளுக்கு வேறு பொருள் சொன்னார்: பஞ்சத்தில் உணவு அஸ்தமிக்கும்போது இங்கே அரிசி வரும், உலை ஏறினால் ஊரின் பசி அடங்கும், இலையில் விழும் சோறு வெள்ளிபோல் வெளுத்திருக்கும். இது சிலேடை. புகழ்வதுபோலப் பழிப்பதையும் பழிப்பதுபோலப் புகழ்வதையும் அணியிலக்கண நூலான தண்டியலங்காரம் இலேச அணியில் பேசுகிறது. இரண்டாம் பொருள் கொஞ்சம் இழுத்துக் கட்டியதுதான். ஆனாலும் சோறு போடுகிறவரையே கிண்டல் செய்கிறவருக்குப் பின்வாசல் ஒன்று வேண்டாமா?

உரைநடையில் இப்படிச் சிரிக்காமல் கிண்டல் செய்யும் வித்தையைக் காட்டியவர், கொள்ளிடத்துக்கு வடக்கே ஏலாக்குறிச்சியில் பணியாற்றிய இத்தாலியப் பாதிரியார் வீரமாமுனிவர் (1680–1747). அவருடைய ‘பரமார்த்த குருவின் கதை’யில் சீடர்களின் பெயர்கள் மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன். வசவையெல்லாம் பெயரிலேயே தீர்த்துவிட்டதால் கதை சொல்லும்போது அவர் முகம் சுளிக்க வேண்டியதில்லை. ஆறு தூங்கும்போதுதான் அதைக் கடக்கலாம் என்று குரு கருதுகிறார். தூங்குகிறதா என்று பார்க்க ஒரு சீடன் கொள்ளிக்கட்டையைத் தண்ணீரில் வைக்கிறான். சுரீரென்று புகை கிளம்புகிறது. ஆறு விழித்திருக்கிறது என்று பதறி ஓடி வருகிறான். தப்பு ஒன்றே ஒன்று: ஆறு தூங்கும் என்று நம்பியது. அதற்குப் பிறகு நடப்பதெல்லாம் ஒழுங்கான பரிசோதனை, ஒழுங்கான முடிவு.