பனிக்கு முந்தும் உப்புநீர்
அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலப் போக்குவரத்துத் துறை, பனி கொட்டும் முன்பே நெடுஞ்சாலையில் உப்புநீரைத் தெளித்துவிடுகிறது. வீண்வேலை போலத் தோன்றலாம். சிக்கனமே அதில்தான் இருக்கிறது. பனி தரையோடு இறுகிவிட்டால், பனி வழிக்கும் லாரியின் இரும்புத் தகடு மேலே சுரண்டுமே தவிர அடியைப் பெயர்க்காது. பிறகு தூவும் கல்லுப்பிலும் ஒரு பங்கு துள்ளிச் சாலையோரம் போய்விடும். 23 சதவீத உப்புக்கரைசலோ தரையில் ஒட்டிக்கொள்ளும். மைனஸ் 21 டிகிரி செல்சியஸ் வரை உறையாது.

உப்பு ஏரிகளைக் கெடுக்காதா? கெடுக்கும்தான்; கரைந்த உப்பை நீரிலிருந்து பிரிப்பது லேசுப்பட்ட காரியமல்ல. குறைந்த உப்பில் வேலை முடிகிற முறை வேண்டுமென்பது அதனால்தான். கடுங்குளிரில் உப்பின் வேகம் மிகவும் குறைந்துவிடும். அப்போது டயருக்குப் பிடிப்பு கிடைக்க மணல் தூவுவார்கள். முதலில் மழை பெய்து பிறகு பனியாக மாறும் நாளில் முன்கூட்டித் தெளித்துப் பயனில்லை, மழையே கழுவிவிடும்.