மீன் என்னும் பெயர் எங்கிருந்து வந்தது?



நம் காஞ்சிபுரத்துத் தறிகளில் சரிகை மின்னுவதை அன்றாடம் காண்கிறோம். ஏரி வற்றும் காலத்தில் கூடையில் வரும் கெண்டையும் அவ்வாறே மின்னுகிறது. "மின்னுவதால்தான் அதற்கு மீன் என்று பெயர்" என வகுப்பில் நாங்கள் பெருமையுடன் கூறினோம். "சான்று எங்கே?" என்று கேட்டார் தமிழாசிரியை. நாங்கள் விழித்தோம். அதன் பின் தேடி அறிந்தவற்றை இங்கே தருகிறோம்.

முதலில் இலக்கணம் எங்களுக்குத் துணை நின்றது. உண் என்பது ஊண் என்றும், கொள் என்பது கோள் என்றும் நீண்டு பெயராகின்றன. இவை முதனிலை திரிந்த தொழிற்பெயர்கள். அவ்வாறே மின் என்பதும் மீன் ஆகலாம் அல்லவா? வானத்து மீனுக்கு இவ்விளக்கம் நன்கு பொருந்துகிறது. கார்த்திகையை அறுமீன் என்றும், அருந்ததியை வடமீன் என்றும் முன்னோர் அழைத்தனர்.

ஆனால் நீரில் வாழும் மீனுக்கு? கெண்டை மின்னும்; கரிய விரால் மின்னுமா? அதுவும் மீன்தானே! பர்ரோ, எமனோ என்னும் அறிஞர்கள் 1961இல் வெளியிட்ட திராவிடச் சொற்பிறப்பியல் அகராதி, விண்மீனை மின் என்பதனோடு சேர்த்து, நீர்மீனைத் தனிச்சொல்லாக வைத்தது. ஒலியால் ஒன்றான இரு சொற்களாகவும் இவை இருக்கலாம்.

மலையாளத்தில் மீன், கன்னடத்தில் மீனு என்பர். வடமொழியில் மீனைக் குறிக்கும் பழைய சொல் மத்ஸ்யம். 'மீன' என்பது திராவிட மொழிகளிலிருந்து அங்குச் சென்றது என்பதே அறிஞர் பலரின் கருத்து.

சிந்துவெளி முத்திரைகளிலும் மீன் வடிவக் குறிகள் உள்ளன. பம்பாய் புனித சவேரியார் கல்லூரியில் பணியாற்றிய இயேசு சபைத் துறவி ஹென்றி ஹீராஸ் அடிகளார், அக்குறியை 'மீன்' என்று படித்து, விண்மீனையும் அது குறிக்கும் என்றார். பின்லாந்து அறிஞர் அஸ்கோ பர்ப்போலா 1994இல் வெளியிட்ட நூலில் இக்கருத்தை விரிவாக்கினார். மீன் குறிக்கு முன் ஆறு கோடுகள் இருந்தால் அறுமீன், ஏழு இருந்தால் எழுமீன் என்பது அவர் விளக்கம். கேட்க இனிக்கிறது! எனினும் அவ்வெழுத்துகளின் பொருள் இன்னும் ஐயமற நிறுவப்படவில்லை.

ஆசிரியையிடம் மீண்டும் சென்று, "வானத்து மீனுக்குச் சான்று வலுவானது, நீர்மீனுக்கு முடிவு இல்லை" என்றோம். "இப்போதுதான் நீங்கள் தமிழ் படிக்கிறீர்கள்" என்று புன்னகைத்தார். தோழியரே, தாய்மொழியைப் போற்றுவோம். அதன் பெருமையைச் சான்றோடு பேசக் கற்போம்!