கொடியிலேயே பாதித் தேய்ப்பு

மார்த்தாண்டத்திலிருந்து வந்த மைனி சாயா டம்ளரைக் கையில் வாங்கியதும் முதலில் பார்த்தது எங்கள் மொட்டைமாடிக் கொடியைத்தான்.

"ஒங்க ஊர்ல துணி காயுது பிள்ளே. எனக்கு ஆனி பொறந்ததுல இருந்து நடுவீட்டுல கொடி கெட்டிக் கெடக்கு. அலக்கி மூணு நாளாச்சு. உணங்கவும் இல்ல, நாத்தம் வேற."

மைனியின் வருத்தத்தில் பாதி, ஊர் செய்கிற வேலை. இரண்டு ஊரும் ஒரே மாவட்டம்தான். ஆனால் ஜூனிலிருந்து செப்டம்பர் வரை மைனி இருக்கிற விளவங்கோடு, கல்குளம் பக்கம் கொட்டுகிற மழை எங்கள் தோவாளைப் பக்கம் கொட்டாது. இங்கே ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகக் காற்றுதான் வரும். முப்பந்தலில் அத்தனை காற்றாலைகள் நிற்பதும் அதை நம்பித்தான். கிளிப் போடாத லுங்கியை அடுத்த வீட்டு முருங்கையில் போய்த்தான் எடுக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை வந்துவிட்டால் எனக்கும் மைனி கதிதான்.

நாற்றத்துக்கு மைனி கண்டுபிடித்திருந்த மருந்து, சோப்புத்தூளை ஒரு கரண்டி கூட்டிப் போடுவது. எல்லா வீட்டிலும் இதைத்தான் செய்கிறோம். வீட்டுக்குள் காய்ந்த துணியில் வரும் அந்தப் புளித்த வாடைக்குக் காரணம் மொராக்செல்லா என்னும் பாக்டீரியா என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் 2012இல் கண்டு சொன்னார்கள். அலசியும் போகாத வியர்வையும் எண்ணெய்ப் பிசுக்கும் அதற்குச் சாப்பாடு; ஈரம் அதற்கு வீடு. அளவுக்கு மேல் போட்ட தூள் சரியாக அலசப்படாமல் நூலில் தங்கி, அழுக்கையும் பிடித்து வைத்துக்கொள்ளும். ஆகவே தூளைக் குறைத்து, அலசுவதை ஒரு தடவை கூட்டுங்கள் என்றேன். மெஷினில் இன்னொரு முறை ஸ்பின் மட்டும் ஓட்டலாம். அதில் போகிற தண்ணீர் கொடியில் சொட்ட வேண்டியதில்லை. துணிக்குத் துணி நாலு விரல் இடைவெளி. ஃபேன் காற்று துணியின் பக்கவாட்டில் நுழைந்து போகிற மாதிரி கொடியைத் திருப்பிக் கட்ட வேண்டும். மழைக்காலத்தில் ஜீன்ஸும் கனத்த துவர்த்தும் ஒரே நாளில் வேண்டாம்.

வெள்ளாவி வைத்த காலத்தில் இந்த வாடை இருந்திருக்காது. உவர்மண் கரைசலில் முக்கிய துணியைப் பானைமேல் அடுக்கி, அடியில் தீ மூட்டி, ஆவியிலேயே வேகவிடுவார்கள். உவர்மண்ணில் இருக்கிற சோடியம் கார்பனேட்தான் இன்றைய சலவைத்தூளிலும் இருக்கிறது. ஆவிச் சூட்டில் எந்தக் கிருமி பிழைக்கும்? எந்த வீட்டுத் துணி என்று தெரிய சேராங்கொட்டைச் சாற்றில் ஒரு குறி. துணி கிழிந்தாலும் அந்தக் குறி போகாது. அந்த வேலையை ஊர் முழுக்க ஒரு சாதியின் முதுகில் ஏற்றிவிட்டு, வெள்ளை வேட்டியின் பெருமையை மட்டும் மற்றவர்கள் வைத்துக்கொண்டார்கள். அதனால் அந்தக் காலம்போல வருமா என்று பெருமூச்சு விட எனக்கு மனசு வருவதில்லை.

இனி தேய்ப்பு. பருத்தி நூலுக்குள் செல்லுலோஸ் இழைகள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருக்கின்றன. தண்ணீர் பட்டதும் அந்தப் பிடி விடும். காய்கிறபோது எந்த நிலையில் இருக்கிறதோ அந்த நிலையிலேயே மறுபடி பிடித்துக்கொள்ளும். சுருட்டிக் காய்ந்தால் சுருக்கம், நீட்டிக் காய்ந்தால் நேர். சுருங்கிய சட்டையை நாம் சூடும் ஈரமும் கொடுத்து, அந்தப் பிடியை விடுவித்து, நேராக்கிக் காயவைக்கிறோம். இஸ்திரிப்பெட்டி செய்வது இவ்வளவுதான். இதில் பாதியைக் கொடியிலேயே செய்துவிடலாம்.

மைனியைக் கூட்டிப்போய் ஒரு பள்ளிக்கூடச் சட்டையில் காட்டினேன். ஸ்பின் முடிந்ததும் எடுத்துவிட வேண்டும். டிரம்மிலேயே கிடந்தால் மடிப்பு விழும். தோள் இரண்டையும் பிடித்து ரெண்டு உதறு. ஹேங்கரில் மாட்டி, மேல் பட்டன் ஒன்றைப் போட்டு, காலரை விரலால் நீவி, பட்டன் பட்டியைக் கீழ்நோக்கி ஒரு இழு. ஒரு நிமிஷம்கூட ஆகாது. பாலியஸ்டர் கலந்த சீருடை என்றால் பெரும்பாலும் இதோடு முடிந்தது. முழுப் பருத்தி என்றால் லேசான ஈரம் இருக்கும்போதே எடுத்துத் தேய்க்க வேண்டும். முறுகக் காய்ந்துவிட்டால் தண்ணீர் தெளித்துச் சுருட்டி அரைமணி நேரம் வைக்கலாம். தேய்த்த சூட்டோடு மடித்தால் புது மடிப்பு விழும், ஆறவிட்டு மடிக்கணும்.

காலையில் அவசரத்துக்கு ஒரு சட்டைக்காகப் பெட்டியைச் சூடாக்குவது வீண். ஆயிரம் வாட் பெட்டி முழுச் சூட்டில் ஒரு மணி நேரம் எரிந்தால் 1 யூனிட். வாரத்துக்கு ஒரு நாள் உட்கார்ந்து மொத்தமாகத் தேய்க்கலாம். பெட்டி சூடாவது சட்டென்று, ஆறுவது மெதுவாக என்பதால், லேபிளில் ஒரு புள்ளி உள்ள துணியில் தொடங்கி மூன்று புள்ளியில் முடிக்க வேண்டும். ஒரு புள்ளி என்றால் சுமார் 110 டிகிரி, இரண்டுக்கு 150, மூன்றுக்கு 200. சுவிட்சை அணைத்த பிறகும் கைக்குட்டைகளுக்குப் போதிய சூடு இருக்கும்.

வாழைக்கறைக்கு என்ன செய்ய என்று மைனி கேட்டார். தோட்டத்துக்கு ஒரு பழைய சட்டையை நேர்ந்துவிடுவதைத் தவிர நான் ஒன்றும் கண்டதில்லை.

"சரி, எதையெல்லாம் தேய்க்குதிய?" என்றேன்.

விரல் விட்டு எண்ணினார். சீருடை, சேலை, தலையணை உறை, படுக்கை விரிப்பு, நைட்டி, லுங்கி.

"லுங்கியா?"

"ஒங்கண்ணனுக்கு மடிப்பு இல்லாம உடுக்க முடியாதாம்."

எனக்குச் சிரிப்பு வந்தது, கொஞ்சம் கூச்சமும். கல்யாணத்துக்கு முன்னால் அவனுக்கு லுங்கி தேய்த்துப் பழக்கியது நான்தான். சிரட்டைக்கரிப் பெட்டியில், சாம்பல் பறக்காமல் ஊதி ஊதி. அதைச் சொன்னதும் மைனி டம்ளரைக் கீழே வைத்தார்.

"அப்போ நீதான் காரணம். விரிப்பு, உறை, நைட்டி எல்லாம் இன்னையோட நிறுத்தியாச்சு. லுங்கிய அவரே தேய்க்கட்டும். பெட்டி எந்த அலமாரியில இருக்குன்னு மட்டும் போய்ச் சொல்லிக் குடுக்கேன்."