வானிலை அறிவிப்பும் விவசாயியின் சந்தேகமும்



மழைக்கும் மளிகைக் கடைக்கும் என்ன சம்பந்தம் என்று பெருநகரத்து வியாபாரி கேட்கக்கூடும். மண்டைக்காடு, குளச்சல், மணவாளக்குறிச்சி வட்டாரத்தில் கடை வைத்திருக்கும் நாம் அப்படிக் கேட்க மாட்டோம். நமது பற்று நோட்டில் பெயர் உள்ளவர்கள் பெரும்பாலும் வயலையும் தோப்பையும் கடலையும் நம்பி வாழ்கிறவர்கள். நாஞ்சில் நாட்டில் கும்பப்பூ நன்றாக விளைந்தால் மாசிக் கொடைக்கு வியாபாரம் நடக்கும். பழைய பாக்கியும் வந்து சேரும். ஒரு காற்றில் குலை தள்ளிய ஏத்தன் வாழை சாய்ந்துவிட்டால், பாக்கி அடுத்த வருஷத்துக்குப் போய்விடும்.

ஆகவே, வானிலை அறிவிப்பை விவசாயி நம்புகிறாரா இல்லையா என்பது நம்மையும் பாதிக்கின்ற விஷயம். "மழை வரும் என்று சொல்லிவிட்டார்கள், தைரியமாகக் கொப்பரையைக் காயப் போடலாம்" என்ற கேலியை நாம் கடை வாசலில் பலமுறை கேட்டிருக்கிறோம். இந்தக் கேலியை அறியாமை என்று ஒதுக்கிவிட முடியாது. அதற்குத் தக்க காரணங்கள் உண்டு. அவற்றைத் தெரிந்துகொண்டால், எந்த அறிவிப்பை எந்த அளவுக்கு நம்பலாம் என்பதும் தெளிவாகும்.

நான்கு மாதக் கணிப்பு

இந்திய வானிலைத் துறை 1875-ல் ஏற்பட்டது. தென்மேற்குப் பருவமழை எப்படி இருக்கும் என்று ஏப்ரலில் ஒரு கணிப்பும், பருவம் தொடங்கும் சமயத்தில் திருத்திய கணிப்பும் வெளியிடுகிறார்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை நாடு முழுவதற்குமான சராசரி மழை 87 செ.மீ. இதில் 96 முதல் 104 சதவீதம் வரை பெய்தால் 'இயல்பான மழை' என்பது கணக்கு.

2002-ல் 101 சதவீதம் பெய்யும் என்றார்கள். பெய்தது 81 சதவீதம். ஜூலை மாதத்தில் ஏறத்தாழ பாதி மழைதான் கிடைத்தது. அதன்பின் கணிக்கும் முறையையே மாற்றினார்கள். 2009-ல் ஏப்ரல் கணிப்பு 96 சதவீதம், பெய்தது 78. இப்படிப்பட்ட வருஷங்களை விதைத்தவர் மறப்பதில்லை.

கணிப்பு சரியாக இருந்தாலும் அது நாடு முழுவதற்குமான சராசரிதான். நமது மாவட்டத்துக்கு இடவப்பாதி மழையும் உண்டு, ஐப்பசி மழையும் உண்டு. பேச்சிப்பாறை மலையடியில் கொட்டித் தீர்க்கும் மழை மண்டைக்காட்டுக் கடற்கரையில் தூறலோடு நின்றுபோவதை நாம் பார்க்கிறோம். இந்தியாவில் தேங்காயின் சராசரி விலை இன்னதென்று ஒருவர் சொன்னால், திங்கள்சந்தையில் இன்று என்ன விலை விற்கும் என்று அதை வைத்துச் சொல்ல முடியுமா? அதுபோலத்தான் இதுவும்.

சொற்களின் பொருள்

தினசரி அறிவிப்பில் வரும் சொற்களுக்குத் திட்டமான அளவு உண்டு. அதை யாரும் விளக்கிச் சொல்லாததால் பாதிச் சந்தேகம் வருகிறது.

'ஓரிரு இடங்களில் மழை' என்றால், அந்தப் பகுதியிலுள்ள மழைமானிகளில் 25 சதவீதம் வரையில் மழை பதிவாகும் என்று பொருள். 'சில இடங்களில்' என்பது 26 முதல் 50 சதவீதம். 'பல இடங்களில்' 51 முதல் 75. அதற்கு மேல் 'பெரும்பாலான இடங்களில்'. ஆக, ஓரிரு இடங்களில் என்று சொன்ன நாளில் முக்கால்வாசி இடம் காய்ந்து கிடந்தாலும் அறிவிப்பு பொய்யாகாது. ஆனால் காய்ந்த வயலில் நிற்பவருக்கு அது பொய்தான்.

அளவுக்கும் இப்படியே. ஒரு நாளில் 64.5 முதல் 115.5 மி.மீ. வரை கனமழை, 115.6 முதல் 204.4 வரை மிகக் கனமழை. அதற்கு மேல் போனால் அதி கனமழை. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் நெல்லை, தூத்துக்குடி, தென்காசி, குமரி மாவட்டங்களில் பெருமழை பெய்தபோது காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. பதிவாயிற்று. 21 செ.மீ.க்கும் அதி கனமழைதான், 95 செ.மீ.க்கும் அதி கனமழைதான். முன்னறிவிப்பு போதவில்லை என்று அரசுத் தரப்பிலும், எச்சரிக்கை கொடுத்தோம் என்று வானிலைத் துறையிலும் சொன்னார்கள். இரு தரப்பும் வாதாடுவதற்கு அந்தச் சொல்லில் இடம் இருந்தது.

ஒக்கி தந்த பாடம்

நமது மாவட்டத்தில் இந்தப் பேச்சு எடுத்தால் ஒக்கியில் வந்துதான் நிற்கும். 2017 நவம்பர் 29-ல் இலங்கைக்கு அருகே காற்றழுத்தத் தாழ்வு மண்டலமாக இருந்தது, மறுநாள் 30-ம் தேதி காலையில் குமரிக் கடலில் புயலாகிவிட்டது. அதற்குப் பல நாள் முன்பே ஆழ்கடலுக்குப் போய்விட்ட விசைப்படகுகளுக்குச் செய்தி சொல்ல வழியில்லை. தமிழகத்திலும் கேரளத்திலும் எத்தனையோ மீனவர் குடும்பங்கள் ஆளை இழந்தன. கரையில் வாழையும் ரப்பரும் தென்னையும் முறிந்து விழுந்தன. மின்கம்பங்கள் சாய்ந்து கிராமங்கள் பல நாள் இருட்டில் கிடந்தன. அறிவிப்பு சரியாக இருந்தால் மட்டும் போதாது, உரிய ஆளிடம் உரிய நேரத்தில் போய்ச் சேர வேண்டும் என்பதை அன்று கண்டோம்.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். 1999 அக்டோபரில் ஒரிசாவைத் தாக்கிய பெரும்புயலில் ஏறத்தாழ 10,000 பேர் மாண்டனர். 2013-ல் அதே கரையை பைலின் புயல் தாக்கியபோது முன்கூட்டியே லட்சக்கணக்கான மக்களை அப்புறப்படுத்தியதால் உயிரிழப்பு நூறைக்கூட எட்டவில்லை. இரண்டு மூன்று நாளுக்கான அறிவிப்பு இந்தக் காலத்தில் எவ்வளவு தேறியிருக்கிறது என்பதற்கு இதுவே சாட்சி.

நஷ்டம் யார் தலையில்?

விவசாயியின் சந்தேகத்துக்கு அடிப்படையான காரணம் வேறொன்று. அறிவிப்பு தவறினால் நஷ்டம் முழுவதும் அவர் தலையில் விழுகிறது. அறுப்பு மிஷின் கிடைத்த நாளில் மழை என்கிறார்கள். தள்ளிப் போட்டால் மிஷின் அடுத்த ஊருக்குப் போய்விடும், முற்றிய நெல் வயலில் உதிரும். அறுத்துவிட்டு மழையும் வந்தால் நெல் முளைத்துப் போகும். எது செய்தாலும் செலவு அவருடையது. பஞ்சாங்கத்தில் போட்டிருக்கும் மழை பெய்யாவிட்டால் யாரும் கோபப்படுவதில்லை. ரேடியோவில் சொன்னது தவறினால் கோபம் வருகிறது. அதை நம்பி உரம் போட்டிருப்பார்.

"மூன்று நாள் மழையைச் சரியாகச் சொல்ல முடியாதவர்கள் முப்பது வருஷத்துக்கு அப்பால் தட்பவெப்பம் மாறும் என்கிறார்களே?" என்றும் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. ஆனால் இரண்டும் வேறு வேறு கணக்கு. மாசிக் கொடை நாட்களில் நம் கடையில் வியாபாரம் கூடும் என்று இன்றே சொல்லலாம். இன்ன ஆள் இன்ன மணிக்கு வருவார் என்று சொல்ல முடியாது. அரபிக்கடல் நீர் பல பத்தாண்டுகளாகச் சூடேறி வருவதும், அங்கே கடும்புயல்கள் கூடியிருப்பதும் அளந்து கண்டவை. அதை வைத்து அடுத்த செவ்வாய்க்கிழமை மழை உண்டா என்று கேட்பதுதான் பொருந்தாது.

நம் மீதும் ஒரு சந்தேகம்

2017 ஜூலையில் மகாராஷ்டிர மாநிலம் பீட் மாவட்டத்தில் ஆனந்த்காவ் என்ற கிராமத்து விவசாயிகள் வானிலைத் துறையின் மீது போலீஸில் புகார் கொடுத்தார்கள். நல்ல மழை என்று சொன்னதை நம்பி விதைத்தோம், மழை பொய்த்தது என்பது புகார். அதோடு நிற்கவில்லை. விதை, பூச்சிமருந்துக் கம்பெனிகளோடு சேர்ந்துகொண்டு அப்படிச் சொன்னார்கள் என்றும் எழுதிக் கொடுத்தார்கள்.

இதை நாம் சிரித்துவிட்டு விடக் கூடாது. சரக்கு விற்பவனுக்கு நல்ல மழைச் செய்தியால் லாபம் என்பது விவசாயிக்குத் தெரிந்த கணக்கு. "இந்த வருஷம் மழை அமோகமாம், இரண்டு மூட்டை கூட எடுத்துப் போங்க" என்று நாம் கல்லாவில் இருந்து சொன்னால், வானிலைத் துறையின் கணிப்பு நம் வாய்ச்சொல்லாகிவிடும். அது பொய்த்தால் அவர் நம்மைத்தான் நினைப்பார்.

நாம் செய்யத்தக்கவை

முதலாவது, பருவ முழுமைக்குமான கணிப்பைச் சொல்லி விற்காதிருப்போம். நமது கொள்முதலையும் அதை மட்டும் நம்பிப் பெருக்க வேண்டாம்.

இரண்டாவது, அடுத்த ஓரிரு நாளுக்கான எச்சரிக்கையை மதிப்போம். மஞ்சள் என்றால் கவனம், ஆரஞ்சு என்றால் தயார்நிலை, சிவப்பு என்றால் உடனே செயல்பட வேண்டும் என்று பொருள். கடை வாசல் பலகையில் தேதியோடு எழுதி வைக்கலாம். 'ஓரிரு இடங்களில்' என்பதன் பொருளையும் வருகிறவர்களுக்குச் சொல்லலாம். கனமழை எச்சரிக்கை உள்ள நாளில் யூரியா கேட்டு வருபவரிடம், "அண்ணாச்சி, இரண்டு நாள் கழித்துப் போடுங்க, இப்போது போட்டால் தண்ணீரோடு போய்விடும்" என்று சொல்ல வேண்டும். வியாபாரம் இரண்டு நாள் தள்ளிப் போகும். வாடிக்கையாளர் நிலைத்து நிற்பார். அதே நாளில் நம் குடோனில் சீனி, உப்பு மூட்டைகளைப் பலகை மேல் ஏற்றி வைப்பதும் நல்லது.

மூன்றாவது, எச்சரிக்கையை மதித்து ஒருவர் அறுவடையைத் தள்ளிப் போட்டு, மழை வராமல் நஷ்டப்பட்டால், அவர் பாக்கிக்குத் தவணை கொடுப்போம். அறிவிப்பை நம்பியவர் தனியாக நஷ்டப்பட்டால் அடுத்த முறை அவர் நம்ப மாட்டார். அடுத்த முறை உண்மையாகவே புயல் வந்தால் அவர் வாழையும் போகும், நம் பாக்கியும் போகும்.

சங்க உறுப்பினர்கள் இதைத் தத்தம் கடைவீதியில் கலந்து பேசி, வரும் ஐப்பசி மழைக்கு முன்னால் பலகை வைக்க ஏற்பாடு செய்யுமாறு கேட்டுக்கொள்கிறோம்.