பட்டியலில் சொல் தேடும் கணிப்பொறி
பாட்னா, கான்பூர், பூர்ணியா, ஜெய்ப்பூர் என ஊர்ப்பெயர்கள் கணிப்பொறியில் ஓர் அணியாக அடுக்கப்பட்டுள்ளன எனக் கொள்வோம். 'பூர்' என முடியும் பெயர்களே நமக்கு வேண்டுவன. 'பூர்' என்று மட்டும் தேடச் சொன்னால், பொறி ஒவ்வொரு பெயராகச் சோதித்துப் பூர்ணியாவையும் எடுத்துத் தரும். 'பூர்$' எனின், டாலர்க் குறி பெயரின் இறுதியைச் சுட்டுவதால், கான்பூரும் ஜெய்ப்பூரும் மட்டுமே கிட்டும்.

'ரெகுலர் எக்ஸ்பிரஷன்' எனப்படும் இத்தகைய வடிவக் கோவைகளுக்குரிய கணிதத்தை அமெரிக்க அறிஞர் ஸ்டீபன் கிளேனி 1956-இல் வெளியிட்டார். உரையை ஒரே முறை படித்துத் தேடும் வழியைக் கென் தாம்ஸன் 1968-இல் விளக்கினார்.

பொறி இட்ட கட்டளையையே நிறைவேற்றும். நிவாரணப் பட்டியலில் தேடுங்கால் ஒரு குறி பிழைத்தால், வேண்டாத பெயர் புகும்; உரியவர் பெயர் விடுபடவும் கூடும். ஆதலின் குறியை ஆராய்ந்து இடுதல் மனிதனின் கடமையாகும்.