சிங்கப்பூர் விமானம் எத்தனை மணிக்கு வரும்?

எங்கள் ஊர் பெண்ணாடம். சிங்கப்பூரில் வேலை பார்க்கும் அண்ணன் (பெரியப்பா மகன்) முதல் முறை விடுமுறைக்கு வந்தபோது, திருச்சி விமான நிலையத்தில் நான்கு மணி நேரம் பெட்டியுடன் காத்திருந்தார். விமானம் சரியான நேரத்துக்கு வந்துவிட்டது. கார்தான் வரவில்லை.

காரணம் பெரியப்பாவின் கணக்கு. அண்ணன் போனபோது டிக்கெட்டில் புறப்பாடு நள்ளிரவு 1.00, சேரும் நேரம் காலை 7.45. ஆக, பயணம் ஆறே முக்கால் மணி நேரம் என்று மனதில் வைத்துக்கொண்டார். திரும்பி வரும் டிக்கெட்டிலோ இரவு 8.00 புறப்பாடு, 9.50 வருகை. "ரெண்டு மணி நேரத்துல எப்படிடா வர முடியும்? தப்பா அடிச்சிருக்காங்க" என்று எனக்குப் போன் செய்தார். ஆபீஸ் வேலையில் சரியாகக் காதில் வாங்காமல் நானும் "ஆமாம் பெரியப்பா" என்றேன். இன்ஜினியரிங் படித்தவனே சொன்ன பிறகு வேறென்ன வேண்டும்? விமானம் 2.45-க்குத்தான் வரும் என்று கார் 11 மணிக்குக் கிளம்பியது.

டிக்கெட்டில் தவறே இல்லை. புறப்படும் நேரம் புறப்படும் ஊரின் கடிகாரப்படியும், சேரும் நேரம் சேரும் ஊரின் கடிகாரப்படியும் அச்சாகும். சிங்கப்பூர் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் இருக்கிறது. (1982 வரை இரண்டு மணி நேரமாக இருந்தது, மலேசியாவைப் பின்பற்றி அவர்கள் கடிகாரத்தை அரை மணி தள்ளி வைத்தார்கள்.)

உண்மையான பயண நேரம் தெரிய ஒரு எளிய வழி: போகும் கணக்கு 6 மணி 45 நிமிடம், வரும் கணக்கு 1 மணி 50 நிமிடம். இரண்டையும் கூட்டிப் பாதியாக்குங்கள். நேர வித்தியாசம் அடிபட்டுப்போய், சுமார் நாலேகால் மணி நேரம் கிடைக்கும்.

இதைக் கம்ப்யூட்டரில் சரிபார்க்கலாம். கூகுள் மேப்ஸில் திருச்சி விமான நிலையத்தின் மீது ரைட் கிளிக் செய்து 'மெஷர் டிஸ்டன்ஸ்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். பிறகு சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தில் கிளிக் செய்யுங்கள். ஏறத்தாழ 2,980 கி.மீ. காட்டும். ஜெட் விமானம் மணிக்குச் சுமார் 850 கி.மீ. பறக்கும். வகுத்தால் மூன்றரை மணி நேரம். ஓடுபாதையில் ஊர்வது, மேலே ஏறுவது, இறங்குவது எல்லாம் சேர்ந்தால் நாலேகால் ஆகிவிடும். தூரம் சொல்லும் இணையதளங்கள் பலவும் இந்த வகுத்தலை மட்டும் செய்துவிட்டு நிறுத்திக்கொள்கின்றன. அதே முறையில் பெண்ணாடத்திலிருந்து அளந்து பாருங்கள். திருச்சியைவிட நாங்கள் சிங்கப்பூருக்குச் சுமார் 30 கி.மீ. பக்கம்! என்ன பயன், எங்கள் ஊரில் விமானம் ஏற முடியாதே.

வெளிநாட்டில் உறவினர் இருந்தால் விண்டோஸில் அந்த ஊர்க் கடிகாரத்தையும் வைத்துக்கொள்ளலாம். டாஸ்க்பாரில் நேரம் காட்டும் இடத்தில் ரைட் கிளிக் செய்து, தேதி, நேர செட்டிங்ஸில் 'அடிஷனல் கிளாக்ஸ்' பகுதிக்குச் சென்று சிங்கப்பூரைத் தேர்ந்தெடுங்கள். பிறகு நேரத்தின் மீது மவுஸை வைத்தாலே இரண்டு ஊர் நேரமும் தெரியும். பெரியப்பா வீட்டுக் கம்ப்யூட்டரில் நான் முதலில் செய்துகொடுத்தது இதைத்தான்.

டிக்கெட்டில் சேரும் நேரத்தின் அருகே +1 என்று இருந்தால் அது மறுநாள். கார் சொல்லும் முன் அதையும் பார்த்துவிடுங்கள்.