இலவம்பஞ்சு மெத்தை

இலவம்பஞ்சு மெத்தை என்பது இலவ மரத்தின் காய்களிலிருந்து கிடைக்கும் பஞ்சைத் துணி உறைக்குள் அடைத்து, ஊடே தையலிட்டுச் செய்யப்படும் கைவினைப் படுக்கை ஆகும். தமிழ்நாட்டில் இத்தொழிலுக்குப் பெயர் பெற்ற ஊர் தேனி மாவட்டத்தின் போடிநாயக்கனூர். ஏலக்காய் வணிகத்தால் அறியப்பட்ட இவ்வூர், தன்னைச் சூழ்ந்த மலைச்சரிவுகளில் விளையும் இலவம்பஞ்சுக்கும் சந்தையாக விளங்குகின்றது. பிற ஊர்களின் மெத்தைக் கடைகளிலும் "போடி இலவம்பஞ்சு" என்னும் பெயர் தரத்திற்கான அடையாளமாகவே எழுதப்படுகின்றது.

துணி, நிரப்பு பொருள், துணி என்னும் மூன்று அடுக்குகளை ஊடு தையலால் பிணைப்பதே எல்லா மெத்தைகளுக்கும், உலகின் பல பகுதிகளில் செய்யப்படும் மெத்து விரிப்புகளுக்கும் பொதுவான அடிப்படை. எனினும் பழைய மெத்து விரிப்புகள் அருங்காட்சியகங்களில் பாதுகாக்கப்படுகின்றன. பழைய இலவம்பஞ்சு மெத்தைகள் பெரும்பாலும் எஞ்சுவதில்லை. இதற்கான காரணம் பஞ்சின் இயல்பிலும் தொழிலின் முறையிலும் உள்ளது.

பெயர்

இலவு, இலவம் என்னும் பெயர்கள் தமிழில் ஒன்றுக்கு மேற்பட்ட மரங்களைக் குறிக்கின்றன. செந்நிற மலர்களை உடைய முள் இலவு (பாம்பாக்ஸ் சீபா) இந்தியாவின் காடுகளில் இயற்கையாக வளர்வது. மெத்தைப் பஞ்சுக்காகத் தோட்டங்களில் வளர்க்கப்படும் வெள்ளை இலவு (சீபா பென்டான்ட்ரா) வேறொரு மரம். இதன் தாயகம் வெப்பமண்டல அமெரிக்காவும் மேற்கு ஆப்பிரிக்காவும் ஆகும். இரண்டும் மால்வேசியே குடும்பத்தைச் சேர்ந்தவை. பருத்தியும் அதே குடும்பத்தைச் சேர்ந்ததே. இக்கட்டுரையில் இலவு என்பது வெள்ளை இலவையே குறிக்கும்.

"இலவு காத்த கிளி" என்னும் பழமொழி இக்காயின் அமைப்பை ஒட்டி எழுந்தது. இலவங்காயில் சதைப்பற்று இல்லை. பழுக்கும் எனக் காத்திருக்கும் கிளிக்கு, காய் முற்றி வெடித்ததும் காற்றில் பறக்கும் பஞ்சே எஞ்சுகின்றது.

விளையும் இடம்

போடிநாயக்கனூர் மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்கு அடிவாரத்தில் உள்ளது. இங்கிருந்து முந்தல் வழியாகச் செல்லும் மலைப்பாதை போடிமெட்டில் கேரள எல்லையை அடைகின்றது. இப்பாதையில் ஏறுபவர் சில மணி நேரத்திற்குள் பயிர் வரிசை மாறுவதைக் காணலாம். அடிவாரத்திலும் கீழ்ச்சரிவுகளிலும் மா, புளி, இலவு ஆகியவை வளர்கின்றன. அதற்கு மேல் காப்பித் தோட்டங்களும், நிழலும் ஈரமும் மிகுந்த உயரங்களில் ஏலத்தோட்டங்களும் உள்ளன.

இலவு மழைக்காலத்தில் ஈரத்தையும், பூத்துக் காய்க்கும் காலத்தில் வறண்ட வானிலையையும் வேண்டும் மரம். நல்ல விளைச்சல் பெரும்பாலும் 500 மீட்டருக்குக் குறைவான உயரங்களில் கிடைக்கின்றது. மழை மறைவுப் பகுதியாகிய போடியின் கீழ்ச்சரிவுகள் இதற்குப் பொருந்துகின்றன. குரங்கணி, கொட்டகுடி, முந்தல், சிறைக்காடு ஆகிய சுற்றுப்புறப் பகுதிகளிலும், தேனி மாவட்டத்தின் வருசநாடு, கடமலைக்குண்டு பகுதிகளிலும் இலவ மரங்கள் உள்ளன.

மரம் பனிக்காலத்தில் இலை உதிர்த்துப் பூக்கும். இரவில் மலரும் பூக்களில் தேன் உண்ண வரும் வௌவால்கள் மகரந்தச் சேர்க்கைக்கு உதவுகின்றன. காய்கள் மாசி முதல் சித்திரை வரை முற்றுகின்றன. காய் வெடிப்பதற்குச் சற்று முன்பே பறிக்கப்பட வேண்டும். முன்னதாகப் பறித்தால் பஞ்சு முற்றியிருக்காது. தாமதித்தால் காற்றில் பறந்துவிடும். வெடித்த காயின் மேல் கோடை மழை பெய்தால் பஞ்சு நிறம் மங்கித் தரம் இழக்கும். எனவே ஓராண்டின் வருவாய் சில வார வானிலையைச் சார்ந்துள்ளது. உயரமான கிளைகளில் ஏறித் துரட்டியால் காய் பறிப்பது ஆபத்து நிறைந்த வேலை. இலவ மரத்தின் கிளைகள் மென்மையானவை, எளிதில் முறியக்கூடியவை.

பஞ்சின் இயல்பு

பருத்தி இழை விதையின் தோலிலிருந்து வளர்வது. இலவ இழையோ காயின் உட்சுவரிலிருந்து வளர்கின்றது. ஆகவே விதை பஞ்சில் ஒட்டாமல் தனியே கிடக்கும். பருத்திக் கொட்டையை நீக்க அரவை எந்திரம் தேவைப்படுகின்ற நிலையில், இலவங்கொட்டை தட்டினாலே உதிர்ந்துவிடுகின்றது.

ஒவ்வோர் இழையும் ஒரே உயிரணுவால் ஆன மெல்லிய குழாய். அதன் கன அளவில் ஏறத்தாழ 80 விழுக்காடு காற்று. வெளிப்புறத்தில் மெழுகுப் படலம் உள்ளது. இவ்விரு பண்புகளே இலவம்பஞ்சின் நிறைகளுக்கும் குறைகளுக்கும் காரணம்.

1. உள்ளே காற்று நிறைந்திருப்பதால் பஞ்சு எடை குறைந்தது. வெப்பத்தை எளிதில் கடத்தாது.
2. மெழுகுப் படலம் இருப்பதால் எளிதில் நீர் ஏறாது. தன் எடையைப் போல் ஏறத்தாழ 30 மடங்கு எடையை நீரில் தாங்கும்.
3. இழை வழவழப்பாகவும் குட்டையாகவும் இருப்பதால் நூலாக நூற்பது கடினம். ஆகவே இது நிரப்பு பொருளாகவே பயன்படுகின்றது.
4. குழாயின் சுவர் மெல்லியது. தொடர்ந்து அழுத்தப்பட்டால் இழை நொறுங்கித் தூளாகின்றது.
5. மிக விரைவில் தீப்பற்றும்.

மிதக்கும் பண்பினால் 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் கப்பல் உயிர்காப்பு மேலாடைகளில் இப்பஞ்சு நிரப்பப்பட்டது. அக்காலத்தில் உலகச் சந்தைக்குப் பெருமளவு பஞ்சு சாவகத் தீவிலிருந்து சென்றது. 1942ஆம் ஆண்டு சப்பான் அத்தீவைக் கைப்பற்றியதும் அமெரிக்காவிற்கு வரத்து நின்றது. அங்கு மாற்றாக, எருக்குக் குடும்பத்தைச் சேர்ந்த பால்செடிகளின் காய்களைப் பள்ளிச் சிறுவர்கள் திரட்டித் தந்தனர். பின்னர் செயற்கை நுரைப்பொருட்கள் இவ்விடத்தைப் பிடித்துக்கொண்டன.

இலவம்பஞ்சு உடற்சூட்டைத் தணிக்கும் என்னும் நம்பிக்கை தமிழகத்தில் பரவலாக உண்டு. பஞ்சு உடலைக் குளிரச் செய்வதில்லை. ஆயினும் அது வியர்வை ஈரத்தைத் தேக்கி வைப்பதில்லை. உறையும் பருத்தித் துணியாக இருப்பதால், காற்றுப் புகாத செயற்கை நுரை மெத்தையைவிடப் புழுக்கம் குறைவாகத் தோன்றும்.

செய்முறை

பறித்த காய்கள் வெயிலில் உலர்த்தப்பட்டு, ஓடு உடைத்துப் பஞ்சு எடுக்கப்படும். வலை அல்லது சுவரால் சூழப்பட்ட இடத்தில் பஞ்சைக் குவித்து, கோலால் அடித்தோ சுழற்றியோ கொட்டையைப் பிரிப்பர். கனமான கொட்டையும் தூசும் கீழே தங்க, பஞ்சு மேலெழும். தற்போது இவ்வேலை எந்திரங்களாலும் செய்யப்படுகின்றது. கொட்டையிலிருந்து எடுக்கப்படும் எண்ணெய் சவர்க்காரம் செய்யவும், பிண்ணாக்கு கால்நடைத் தீவனமாகவும் பயன்படுகின்றன.

பருத்தி மெத்தை செய்பவர்கள் வில்லின் நாணை அதிரவிட்டுப் பஞ்சைக் கொட்டுவது வழக்கம். இலவம்பஞ்சின் இழை நொறுங்கும் தன்மை உடையதாகையால், அதற்கு இம்முறை ஏற்றதன்று. கையால் உதிர்த்து விடுவதே போதுமானது.

மெத்தை தைப்பது பின்வருமாறு நடைபெறுகின்றது. முதலில் நெருக்கமாக நெய்யப்பட்ட தடித்த பருத்தித் துணியைக் கட்டிலின் அளவிற்கு வெட்டி, நான்கு பக்கச் சுவர்களுடன் பை போலத் தைப்பர். நெசவு நெருக்கமாக இல்லாவிடில் நுண்ணிழைகள் வெளியேறிவிடும். ஒரு பக்கத்தைத் திறந்துவைத்து, மூலைகளில் தொடங்கி நடுப்பகுதி நோக்கிப் பஞ்சை அடைப்பர். உறங்குபவரின் இடுப்பும் தோளும் அமையும் இடங்களில் சற்றுக் கூடுதலாக அடைப்பது கைதேர்ந்தவர்களின் வழக்கம். வாயைத் தைத்து மூடியபின் கோலால் தட்டிச் சமன் செய்வர்.

இறுதியாக, நீண்ட கோணி ஊசியால் மேலிருந்து கீழாகவும் கீழிருந்து மேலாகவும் நூலை இழுத்து, இடைவெளி விட்டு முடிச்சிடுவர். முடிச்சு துணியைக் கிழிக்காதிருக்க அதனடியில் சிறு துணித்துண்டோ நூற்கற்றையோ வைக்கப்படும். இவ்வூடு தையல் இல்லையெனில் பஞ்சு ஓரிடத்தில் திரண்டு, மற்ற இடங்கள் வெறும் துணியாகிவிடும். நூலை மிக இறுக்கினால் மெத்தை கடினமாகும்; தளர்த்தினால் பஞ்சு நகரும். இந்த அளவு கையின் பழக்கத்தால் மட்டுமே கைவருகின்றது.

தரம் அறிதலும் பராமரிப்பும்

மலிவான மெத்தைகளில் இலவம்பஞ்சுடன் ஆலைக்கழிவுப் பஞ்சோ செயற்கை இழையோ கலக்கப்படுவதுண்டு. ஒரு சிட்டிகை பஞ்சை நீரில் இட்டால், தூய இலவம்பஞ்சு நனையாமல் நெடுநேரம் மிதக்கும். வெளுத்த பருத்திக் கழிவு விரைவில் நீரை உறிஞ்சி அமிழும். செயற்கை இழையைத் தீயில் காட்டினால் உருகிக் கெட்டியான மணியாகும், இலவம்பஞ்சு சாம்பலாகும். இச்சோதனையை மிகச் சிறிய அளவு பஞ்சைக் கொண்டு, மெத்தைக்குத் தொலைவில் செய்தல் வேண்டும்.

இவ்வகை மெத்தையை நீரில் துவைத்தல் கூடாது. அவ்வப்போது வெயிலில் உலர்த்தினால் ஈரம் நீங்கிப் பஞ்சு மீண்டும் உப்பும். தலை, கால் பக்கங்களையும், மேல், கீழ் பக்கங்களையும் மாற்றி மாற்றி இடுவதால் பஞ்சு ஒரே இடத்தில் நசுங்குவது குறையும். படுக்கை அருகே கொசுவர்த்தி, புகை பிடித்தல் ஆகியவற்றைத் தவிர்த்தல் இன்றியமையாதது.

சில ஆண்டுகள் கழிந்து மெத்தை தட்டையானால், தையலைப் பிரித்து, நொறுங்கிய தூளை நீக்கி, எஞ்சிய பஞ்சுடன் புதுப்பஞ்சு சேர்த்துப் புதிய உறையில் தைப்பர். பழைய உறைத்துணி கரித்துணியாகவோ சிறு தலையணை உறையாகவோ மாறும். இவ்வாறு ஒரு மெத்தை பல முறை புத்துருப் பெறுகின்றது. பழைய இலவம்பஞ்சு மெத்தைகள் எஞ்சாமைக்கு இதுவே முதன்மைக் காரணம்.

மெத்து விரிப்புகளுடன் ஒப்பீடு

மெத்து விரிப்பில் நிலைமை வேறு. அதன் தையல் மேற்பரப்பில் வெளிப்படையாக அமைகின்றது. வடிவமே அதன் மதிப்பு. ஆகவே தேய்ந்தாலும் மக்கள் அதனைப் பிரிப்பதில்லை. சிசிலித் தீவில் ஏறத்தாழ 1360 - 1400 காலப்பகுதியில் செய்யப்பட்ட திரிஸ்தான் விரிப்பின் பகுதிகள் இலண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்திலும் புளோரன்சு நகரின் பார்ஜெல்லோ அருங்காட்சியகத்திலும் உள்ளன. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் கீஸ் பெண்ட் என்னும் சிற்றூரில் கறுப்பினப் பெண்கள் பழைய வேலை உடுப்புகளை ஒட்டுப்போட்டுத் தைத்த விரிப்புகள் 2002ஆம் ஆண்டு ஹூஸ்டன் நகர நுண்கலை அருங்காட்சியகத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டன. 2006இல் அவை அமெரிக்க அஞ்சல் தலைகளிலும் இடம்பெற்றன.

இந்தியாவில் வங்காளத்தின் காந்தா, பீகாரின் சுசினி, மகாராட்டிரத்தின் கோதடி ஆகியவை பழந்துணிகளை அடுக்கித் தைக்கப்படுபவை. கருநாடகத்தின் வட கன்னட மாவட்டத்தில் வாழும் ஆப்பிரிக்க வழியினரான சித்திப் பெண்கள் 'கவந்தி' என்னும் விரிப்புகளை ஓரத்தில் தொடங்கி நடுப்பகுதி நோக்கித் தைக்கின்றனர். தமிழ்ச் சொல்லாகிய 'கந்தை'யும் 'காந்தா'வும் 'கந்தா' என்னும் வடசொல்லுடன் தொடர்புடையவை.

வெப்பம் மிகுந்த தமிழகச் சமவெளியில் தடித்த போர்வைக்குத் தேவை குறைவு. கோரைப்பாயே பொதுவான படுக்கை. எனினும் பழைய பருத்திச் சேலைகளை மடித்துத் தைத்துக் குழந்தைகளுக்கு விரிப்பதும், அவற்றைத் தூளியாகக் கட்டுவதும் இல்லங்களில் உள்ள வழக்கம். சோழமண்டலக் கரையில் வண்ணம் தீட்டப்பட்ட பருத்தித் துணிகள் 17, 18ஆம் நூற்றாண்டுகளில் ஐரோப்பாவிற்குப் பெருமளவில் ஏற்றுமதியாகிப் படுக்கை விரிப்புகளாகவும் மெத்து விரிப்புகளின் மேற்துணியாகவும் பயன்பட்டன. உள்நாட்டு நெசவாளரைக் காக்கும் பொருட்டுப் பிரான்சு 1686 முதல் 1759 வரை இத்தகைய துணிகளைத் தடை செய்தது. இன்று மேலைநாட்டு அருங்காட்சியகங்களில் பழைய விரிப்புகளைப் பார்ப்பவர், சோழமண்டலக் கைவினைஞரின் வேலையையும் காண வாய்ப்புண்டு.

தொழிலின் இன்றைய நிலை

செயற்கை நுரை, ரப்பர் கலந்த தென்னைநார், சுருள்வில் ஆகியவற்றால் ஆன ஆலை மெத்தைகள் இலவம்பஞ்சு மெத்தையின் சந்தையைக் குறைத்துள்ளன. அவை ஒரே வடிவில் கிடைப்பவை. வெயிலில் உலர்த்தும் வேலை இல்லாதவை. ஆனால் நைந்தபின் பிரித்துத் தைக்க இயலாமல் குப்பையாகின்றன. இலவம்பஞ்சோ மண்ணில் மக்குவது.

பஞ்சுத்தூசு தொழிலாளர்களின் மூச்சுக்குழலையும் நுரையீரலையும் பாதிக்கக்கூடியது. இலங்கையில் இலவம்பஞ்சுத் தொழிலாளர்களின் உடல்நலம் பற்றி மருத்துவர் சி. ஜி. உரகொட மேற்கொண்ட ஆய்வு 1977ஆம் ஆண்டு வெளிவந்தது. காற்றோட்டமான கூடங்களும் முகமூடியும் இத்தொழிலுக்கு இன்றியமையாதவை.

போடிநாயக்கனூரை மதுரையுடன் இணைக்கும் தொடருந்துப் பாதை 1928இல் திறக்கப்பட்டது. அகலப்பாதைப் பணிகளுக்காக 2010ஆம் ஆண்டு இறுதியில் சேவை நிறுத்தப்பட்டு, 2023 சூன் மாதத்தில் மீண்டும் தொடங்கியது. சாலை, தொடருந்து ஆகிய இரு வழிகளிலும் வெளியூர்ச் சந்தைகளை அடைய வாய்ப்பு இருப்பினும், இத்தொழில் நீடிப்பது மூன்றைப் பொறுத்துள்ளது: காய் பறிக்க மரமேறுவோர் கிடைத்தல், கலப்படமற்ற பஞ்சு என்னும் நற்பெயர் நிலைத்தல், பழைய மெத்தையைப் பிரித்துத் தைக்கத் தெரிந்த கைகள் அடுத்த தலைமுறையிலும் இருத்தல். இவற்றுள் மூன்றாவதை அருங்காட்சியகத்தில் வைத்துக் காக்க இயலாது.